தெருச் சண்டையின் வேரைத் தேடுவது எப்படி? பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரின் கிழக்குப் பக்கம், தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு நான்கும் ஒரே சந்தில் கேட்கிற பகுதி எங்களுடையது. 2016 செப்டம்பர் காவிரிக் கலவரத்துக்குப் பிறகு, இங்கே சண்டை எதனால் மூள்கிறது, எதனால் மூளாமல் போகிறது என்று விசாரித்து எழுதி வைக்க நான்கு மொழிக்காரர்களுமாக ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். டீக்கடையானாலும் கோயில் திண்ணையானாலும், போகிற இடமெல்லாம் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எங்களுக்குப் பட்டதைப் பதிலாக எழுதியிருக்கிறேன். வேறு ஏரியாவில் இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் உதவலாம்.

1. "எல்லாத்துக்கும் காவிரிதானே காரணம்? இதுல ஆராய என்னக்கா இருக்கு?"

காவிரி தீப்பொறி. பற்றிக்கொள்ளும் வைக்கோல் வேறு. ஒரே நாளில், ஒரே தீர்ப்பைக் கேட்டு, ஒரு தெருவில் கண்ணாடி உடைகிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு தெருவில் கடைகள் திறந்தே இருக்கின்றன. இரண்டு தெருவுக்கும் காவிரி ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் தெருவில்தானே இருக்க வேண்டும்? அதைத் தேடுவதுதான் இந்த வேலை.

நதிநீர்ப் பங்கீடு மாண்டியா வயலையும் தஞ்சாவூர் வயலையும் பற்றியது. 1892, 1924 ஒப்பந்தங்கள், 1990இல் நடுவர் மன்றம், 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று அந்த வழக்கு போகிற வழி தனி. தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி., கர்நாடகத்துக்கு 284.75 டி.எம்.சி. என்று கடைசியில் கணக்கு நின்றது. நம் தெருத் தமிழர் யாரும் அந்தத் தண்ணீரில் நெல் விளைவிக்கவில்லை. அவர் வீட்டுக் குழாயில் வருவது, பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் குடிக்கிற அதே காவிரி. கர்நாடகத்தின் பங்கில் பெங்களூர்க் குடிநீருக்கென்றே 4.75 டி.எம்.சி.யை 2018இல் கூட்டிக் கொடுத்தார்கள். அதைக் குடிப்பவர்களில் நாமும் உண்டு. அப்படியிருந்தும் கல் நம் வீட்டுக் கதவில் விழுந்தால், ஏன் என்று கேட்க வேண்டாமா?

2. "ஆறின புண்ணை எதுக்குக் கிளறுறீங்க?"

ஆறியிருந்தால் கிளற மாட்டோம். 1991 காவிரிக் கலவரத்தைப் பார்த்த ஓர் அம்மா எங்கள் பகுதியில் இருக்கிறார். காவிரியின் கிருஷ்ணராஜ சாகர் அணையில் தண்ணீர் குறைகிறது என்று டி.வி.யில் சொன்னாலே ரேஷன் கார்டு, வாடகைப் பத்திரம், பேரப்பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிடுவார். கல்யாண வீட்டில் தாம்பூலத்துடன் கொடுத்த மஞ்சள் பை. அதில் அச்சடித்த மணமக்களுக்கு இப்போது கல்லூரி போகிற பிள்ளைகள். அந்தப் பை ஆணியில் தொங்கும் வரைக்கும் புண் ஆறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

பேசப் பிடிக்காதவரை வற்புறுத்துவதில்லை. "வேண்டாம்மா" என்று ஒருவர் சொன்னால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வருவோம்.

3. "எங்கிருந்து ஆரம்பிக்கிறது? ஃபார்ம் ஏதாவது இருக்கா?"

ஃபார்ம் வேண்டாம். ஃபார்மைப் பார்த்ததும் சர்வே, ஆதார், வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு பரவும். முதலில் இரண்டு படம் போதும். ஒன்று, காலக்கோடு: இந்தத் தெருவில் எந்த வருடம் என்ன நடந்தது என்று பெரியவர்களை வைத்துப் போடுவது. மற்றொன்று, வரைபடம்: குழாய், கோயில், மசூதி, சர்ச், கொடிக்கம்பம், ஆட்டோ ஸ்டாண்டு, ஒயின் ஷாப், இரவு பத்து மணிக்குமேல் பெண்கள் போகாத மூலை. எங்கள் முதல் வரைபடம் ஒரு பத்திரிகையின் பின்பக்கத்தில், ஒரு பாட்டி கண்மையால் புள்ளி வைத்துக் காட்டியது.

இரண்டையும் தனித்தனிக் குழுவாகப் போடச் சொல்லுங்கள். ஆண்கள் போட்ட படத்தில் ஒயின் ஷாப் இருக்காது. கன்னடக் குடும்பங்கள் போட்ட காலக்கோட்டில் 1982 கோகாக் போராட்டம் பெரிதாக இருக்கும். கர்நாடகத்தில் கன்னடத்துக்கு முதல் இடம் வேண்டும் என்று நடந்த போராட்டம் அது. நம்மவர்கள் கோட்டில் அது காணாமலே போயிருக்கும். எது யாருக்கு ஞாபகம் இல்லை என்பதும் நமக்கு ஒரு தகவல்.

4. "1991ல நடந்ததும் 2016ல நடந்ததும் ஒண்ணுதானே?"

எங்களை அதிக நாள் உட்கார வைத்த கேள்வி. 1991 ஜூன் 25இல் நடுவர் மன்றம், தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. கர்நாடக அரசு அதை எதிர்த்து அவசரச் சட்டம் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. டிசம்பரில் உத்தரவு அரசிதழில் வந்ததும் 12, 13 தேதிகளில் பெங்களூர் எரிந்தது. அதிகம் அடிவாங்கியவை குடிசைப் பகுதிகள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ரயிலும் லாரியும் பிடித்து எல்லை தாண்டின. உத்தரவுக்கும் கலவரத்துக்கும் நடுவே ஐந்தரை மாதம் என்பதைக் கவனியுங்கள். அத்தனை மாதமும் மேடையில் பேச்சு சூடேறிக்கொண்டே இருந்தது.

2016இல் எல்லாமே மணிக்கணக்கு. செப்டம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய தண்ணீரை நொடிக்கு 15,000 கன அடியிலிருந்து 12,000 ஆகக் குறைத்து, விட வேண்டிய நாள்களைக் கூட்டியது. அன்றைக்கே சென்னையில் கன்னடர் ஹோட்டல் தாக்கப்பட்ட செய்தியும், ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டிக்காரர் அடிபடும் வீடியோவும் கைபேசிகளில் வந்தன. அதற்கு முன்பே பெங்களூரில் ஒரு தமிழ் மாணவரை அடிக்கும் வீடியோ தமிழ்நாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் தமிழ்நாட்டு எண் வண்டிகள் எரிந்தன. ஒரே பணிமனையில் நாற்பது பேருந்து போல. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. போலீஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். ஆனால் 1991 போல வீடு வீடாகப் போய் அடிக்கவில்லை. வண்டியின் எண்தான் குறி.

ஆக, 1991இல் மொழி ஆளைக் காட்டிக்கொடுத்தது, 2016இல் நம்பர் பிளேட். இந்த வேறுபாடு தெரிந்தால்தான் அடுத்த முறை எதைக் காப்பது என்று தெரியும். இதே நகரத்தில் 1994 அக்டோபரில் தூர்தர்ஷனின் உருதுச் செய்தியை ஒட்டிக் கலவரம் நடந்தது. 2020 ஆகஸ்ட் 11இல் தேவர ஜீவனஹள்ளி, காடுகொண்டனஹள்ளிப் பக்கம் ஒரு முகநூல் பதிவை ஒட்டி. பொறி ஒவ்வொரு முறையும் மாறுகிறது. பொறியை மட்டும் துரத்துபவர்கள் எப்போதும் ஒரு கலவரம் பின்தங்கித்தான் நிற்பார்கள்.

5. "சங்கத் தலைவருங்ககிட்ட பேசினா போதாதா?"

பேச வேண்டும், மரியாதையோடு. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. தலைவர் சொல்வது அவருடைய நிலைப்பாடு. "பலகையெல்லாம் கன்னடத்தில் வேண்டும்" என்பது நிலைப்பாடு. அதற்குக் கீழே, "என் ஊரில் என் மகன் பேங்க்கில் கன்னடத்தில் பேசினால் பதில் வருவதில்லை" என்ற தேவை இருக்கும். அந்த வார்த்தை தலைவர் வாயில் வராது. அந்த மகனின் அம்மா வாயில் வரும். 2024இல் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது நம்மவர்கள் பலர் மிரட்டலாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசியவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

ஆட்டோ ஸ்டாண்டு, பூக்கடை, அங்கன்வாடி டீச்சர், தண்ணீர் திறந்துவிடுகிற வால்வ்மேன், இஸ்திரி வண்டிக்காரர். நான்கு வீட்டுச் சேதியும் தெரிந்தவர்கள் இவர்கள்தான்.

6. "கன்னடம் தெரியாம செய்யலாமா?"

முடியாது. கொச்சையாகப் பேசினாலும் சரி, பேச வேண்டும். பிழையோடு நீங்கள் பேசும் கன்னடத்தை எதிரில் இருப்பவர் திருத்திக் கொடுக்கும்போதே பாதி வேலை நடந்துவிடுகிறது.

7. "என்ன கேள்வி கேட்பீங்க? 'ஏன் சண்டை போடுறீங்க'ன்னா?"

அப்படிக் கேட்டால் "எங்களுக்குள்ள சண்டையே இல்லையே" என்றுதான் பதில் வரும். நாங்கள் நாளைப் பற்றிக் கேட்போம். காலையில் முதலில் யாரைப் பார்க்கிறீர்கள்? பிள்ளைக்குத் திடீர்க் காய்ச்சல் என்றால் யார் வண்டி எடுப்பார்? பண்டிகைப் பலகாரம் எத்தனை வீட்டுக்குப் போகிறது, எந்த வருடத்திலிருந்து எந்த வீட்டுக்குப் போகவில்லை? கடைசிக் கேள்வியில்தான் வேர் தட்டுப்படும். பலகாரம் நின்ற வருடத்தைச் சொல்லிவிட்டால் காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

8. "அவங்க ஒண்ணு சொல்றாங்க, நம்மாளுங்க ஒண்ணு சொல்றாங்க. எதை நம்புறது?"

எண்ண முடிந்ததை எண்ணுங்கள். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, நகரமே டேங்கருக்குக் காத்துக் கிடந்தது. 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் வண்டிக்கு 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை கட்ட வேண்டிய அளவுக்கு நிலைமை. எங்கள் பகுதியில் ஒரு டேங்கர் டிரைவர் தமிழர். "தமிழங்க லைன் வீட்டுக்குத்தான் முதல்ல தண்ணி விடுறான்" என்று பின் சந்தில் பேச்சு. "அவன் ஆள் பார்த்து ஊத்தலை, அவங்களுக்குப் பொறாமை" என்று முன் சந்தில் பேச்சு. ஒரு நாள் குடத்தால் அடித்துக்கொண்டார்கள்.

எங்களில் இரண்டு பெண்கள், ஒருவர் தமிழ், ஒருவர் கன்னடம், பதினொரு நாள் நோட்டுப் புத்தகத்தோடு நின்று, வண்டி எப்போது வருகிறது, எங்கே நிற்கிறது, எத்தனை நிமிடம் என்று எழுதினார்கள். பின் சந்து சொன்னது உண்மை: முன் சந்துக்குத்தான் முதல் தண்ணீர், பதினொரு நாளும். முன் சந்து சொன்னதும் உண்மை: டிரைவர் ஆள் பார்த்து ஊற்றவில்லை. பின் சந்தின் முனையில் சாக்கடை வேலைக்குத் தோண்டிய பள்ளம் எட்டு மாதமாக மூடாமல் கிடந்தது. வண்டி திரும்ப இடமில்லை. முன் சந்தில் நிறுத்தி, குழாய் இழுத்து, கடைசியில் பின் சந்துக்கு வருவதற்குள் வண்டி காலியாகிவிடும்.

எழுதி வைக்கும்போது இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், ஒன்றை வெட்டி ஒன்றாக்காதீர்கள். அரசு ஆவணம் தேவைப்பட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பள்ளத்தின் வேலை உத்தரவை அப்படித்தான் வாங்கினோம்.

9. "பிரிக்கிற விஷயத்தை மட்டும்தான் தேடுவீங்களா?"

சேர்த்துக் கட்டியிருப்பதையும் அதே அளவுக்குத் தேட வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன, கடை திறந்திருந்த தெருவை மறந்துவிடாதீர்கள். அஷுதோஷ் வார்ஷ்னே என்ற ஆய்வாளர் இந்து-முஸ்லிம் கலவரம் அடிக்கடி நடக்கும் நகரத்தையும் நடக்காத நகரத்தையும் ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்தார். அலிகருக்கு ஜோடி கோழிக்கோடு. பக்கத்து வீட்டுப் பழக்கம் நல்லதுதான், ஆனால் பெரிய நகரத்தில் அது மட்டும் போதாது. வியாபாரச் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை என்று இரு தரப்பும் சேர்ந்து நடத்துகிற அமைப்புகள் இருந்த ஊர்களே தாங்கின என்பது அவர் கண்டது.

மும்பைக்குப் பக்கத்து பிவண்டியில் 1970இலும் 1984இலும் பெரும் கலவரம். 1988இல் அங்கே வந்த போலீஸ் அதிகாரி சுரேஷ் கோப்டே, இரு மதத்தாரையும் சேர்த்து மொஹல்லா கமிட்டிகள், அதாவது பேட்டைக் குழுக்கள், வைத்தார். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. எங்கள் பகுதியில் அப்படி இருப்பது ஒரு சீட்டுக் குழு. 24 பெண்கள், நான்கு மொழி. 2016இல் அந்த மாதச் சீட்டு ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை என்று அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

10. "வாட்ஸ்அப்ல வீடியோ வந்தா என்ன பண்றது?"

நான்காவது பதிலில் பார்த்தீர்கள், 2016இன் வேகம் அங்கிருந்து வந்தது. வீடியோ பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை. உண்மையான வீடியோவும் வேறு ஊர், வேறு வருடம் என்று மாறி வரும். எந்த ஊர், எந்தத் தேதி, யார் முதலில் அனுப்பினார் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாமல் யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். பகைமையைத் தூண்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 196ஆம் பிரிவில் குற்றம். எங்களிடம் இரு மொழியிலும் நம்பிக்கையான ஆறு பேர் இருக்கிறார்கள். சந்தேகமான எதுவும் முதலில் அவர்களுக்குத்தான் போகும்.

11. "சொன்னவங்க பேரை எழுதி வைப்பீங்களா? போலீஸ் கேட்டா?"

எழுதுவதில்லை. இப்படி விசாரித்து எழுதுபவர்களுக்கு, சொன்னதைச் சொல்ல மாட்டேன் என்று நிற்கச் சட்டத்தில் தனிச் சலுகை ஏதும் இல்லை. கேட்டால் கொடுக்க வேண்டிய நிலை வரலாம். ஆகவே எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு. "பின் சந்து, பெண், ஐம்பதுக்கு மேல்" என்று குறிப்போம். சின்னத் தெருவில் அதுவே ஆளைக் காட்டிவிடும் என்றால் அதையும் விட்டுவிடுவோம். ஒலிப்பதிவு கிடையாது. எழுதியதைச் சொன்னவரிடமே படித்துக்காட்டுவோம். "அந்த வரியை எடுத்துடு" என்றால் அவர் முன்னாலேயே அடித்துவிடுவோம். நல்ல வரிகள் பல அப்படிப் போயிருக்கின்றன.

12. "நம்ம தமிழங்க அடி வாங்கினோம். நீங்க நடுவுல நிக்கிறது துரோகம் இல்லையா?"

கோபத்தோடு கேட்கிறார்கள், கேட்க உரிமையும் உண்டு. அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே தராசில் வைப்பது எங்கள் நோக்கம் இல்லை. கலவரத்தில் வீடு எரிந்தவருக்கு நஷ்ட ஈடும் வழக்கும் அவர் உரிமை. அதற்கான மனுவை எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் அடித்த பையன் ஏன் அடிக்க வந்தான் என்று தெரியாமல் அடுத்த முறை அவன் தம்பியைத் தடுக்க முடியாது. தெரிந்துகொள்வது நியாயப்படுத்துவது ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நம்ம தமிழங்க" என்கிறோமே, அந்த நம்முக்குள் யார் யார்? 1809இல் ராணுவக் கண்டோன்மென்ட் வந்த காலத்தில் குடிவந்தவர்களின் வாரிசும், போன வருடம் தர்மபுரியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவரும், ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவரும் தமிழர்தான். 1991இல் அடி வாங்கியது யார் வீடு, தூரத்தில் நின்று வருத்தப்பட்டது யார் என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கும். நம் தெருவிலேயே சாதி பார்த்து வீடு வாடகைக்கு விடாத தமிழர் இருக்கிறார். அந்த வேரையும் அதே நோட்டில்தான் எழுதுகிறோம்.

13. "கண்டுபிடிச்சாச்சு. அப்புறம்? ரிப்போர்ட் போடுவீங்களா?"

ரிப்போர்ட் வெளியே போவதற்கு முன் தெருவுக்குத் திரும்பி வர வேண்டும். டேங்கர் நோட்டை இரண்டு சந்துக்காரர்களையும் மாவு மில் வாசலில் உட்கார வைத்துப் படித்தோம், இரு மொழியிலும். படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின் சந்துப் பெரியவர், "குண்டி முச்சிஸ்பேக்கு" என்றார் கன்னடத்தில், பள்ளத்தை மூடச் செய்ய வேண்டும் என்று. மனுவில் இரு சந்தும் கையெழுத்துப் போட்டது. பள்ளம் மூட இன்னும் ஐந்து வாரம் ஆனது; அதுவரை முன் சந்துப் பையன்கள் பின் சந்துக்குக் குடம் தூக்கினார்கள்.

பெரிய அளவிலும் இப்படி நடந்திருக்கிறது. 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் 'காவிரிக் குடும்பம்' என்று உட்கார்ந்து பேசினார்கள்; ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்தார்கள். 2009 ஆகஸ்ட் 9இல், பதினெட்டு வருடம் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. சிலையால் வேர் போகாது. ஆனால் அன்று ஏரிக்கரையில் கூடிய கூட்டத்தில் இருந்த எங்கள் மாமா, 1991க்குப் பிறகு முதல்முறையாக பஸ்ஸில் சத்தமாகத் தமிழ் பேசிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

14. "மன்னிப்பே கேட்காம சமாதானம் எப்படி வரும்?"

சண்டை இல்லாமல் இருப்பது வேறு, சமாதானம் வேறு என்று நீங்களே கேள்வியில் சொல்லிவிட்டீர்கள். எங்களிடம் ஆயத்தப் பதில் இல்லை. ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். 1991 டிசம்பரில் கடையை இழந்த ஒரு தையற்காரர் இருக்கிறார். அன்றிரவு அவர் குடும்பத்தைத் தன் வீட்டு மாடியில் படுக்க வைத்துக் காத்தது ஒரு கன்னடக் குடும்பம். அந்த உறவு இன்றைக்கும் இருக்கிறது. அவரிடம் மன்னிப்பு பற்றிக் கேட்டோம். "அதெல்லாம் வேண்டாம்மா. என் மெஷினை யார் தூக்கிட்டுப் போனாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும். தினமும் எல்லார் மூஞ்சியையும் பார்த்து, இவனா, இவனான்னு நெனைக்கிறது நின்னுடும்" என்றார்.

எங்களுக்குத் தெரியும். எடுத்தவர் இறந்துவிட்டார், அவர் மகன் சொன்னார். பதினொன்றாவது பதிலில் எழுதிய காரணத்தால் அதைத் தையற்காரரிடம் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆகவே மகனிடம் போய், நீங்களே ஒரு நாள் சொல்கிறீர்களா, நாங்கள் கூட வருகிறோம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டு முறை "யோசனெ மாட்தீனி" என்றார், யோசிக்கிறேன் என்று. போன வாரம் மூன்றாவது முறை போனபோது, தையற்காரர் காலையில் எத்தனை மணிக்குக் கடை திறப்பார் என்று கேட்டார்.